ஏழு டம்ளர் பருப்பு

ஆம்பூருக்கு வெளியே, தோல் பதனிடும் டேனரிகள் முடிந்து தென்னந்தோப்புகள் தொடங்கும் இடத்தில் எங்கள் தெரு இருந்தது. கல்யாணமாகி நான் அங்கே வந்தது தொண்ணூறுகளின் நடுவில். நாற்பது வீடுகள் இருக்கும். பாதிக்குப் பாதி எங்களைப் போன்ற கிறிஸ்தவக் குடும்பங்கள், கால்வாசி உருது பேசும் முஸ்லிம் குடும்பங்கள், மிச்சம் மற்றவர்கள். ஆண்கள் டேனரிக்குப் போனார்கள், பெண்கள் ஷூ கம்பெனிக்குப் போனார்கள். என் கணவருக்கும் டேனரியில்தான் வேலை. நான் மட்டும் பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர்.

கணக்கும் தெரியும், ஆங்கிலத்தில் மனுவும் எழுதத் தெரியும் என்பதால் தெருவின் தண்ணீர்க் கமிட்டிக்கு என்னைச் செயலாளராகப் போட்டுவிட்டார்கள். தேர்தல் எதுவும் நடக்கவில்லை. கூட்டத்துக்கு நான் அரைமணி நேரம் தாமதமாகப் போனேன், அவ்வளவுதான். போய் உட்கார்ந்தபோது செயலாளர் ஆகியிருந்தேன்.

அந்தத் தெருவின் தண்ணீர் எப்படிப்பட்டது என்று எனக்கு அதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். கல்யாணமான முதல் மாதம் நான் வைத்த சாம்பாரில் பருப்பு தனியாகவும் புளித்தண்ணீர் தனியாகவும் நின்றன. எட்டு விசில் விட்டுப் பார்த்தேன், பத்து விசில் விட்டுப் பார்த்தேன். காஸ்கட்டை மாற்றினேன், வெயிட்டை மாற்றினேன். குக்கரைக் கல்யாணச் சீராக வாங்கித் தந்த சித்தப்பாவின் மேல்கூடச் சந்தேகம் வந்தது. என் கணவர் ஒன்றும் சொல்லாமல் கடித்துக் கடித்துச் சாப்பிடுவார். ஒருநாள் மட்டும், "நல்லா மொறுமொறுன்னு இருக்கு" என்றார்.

எங்கள் எதிர்வீட்டு அக்கா வாசலில் இட்லிக் கடை வைத்திருந்தார். காலை ஏழு மணிக்கு அவருடைய சாம்பாருக்கு டேனரி ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். என் வீட்டு விசில்களை எண்ணிக்கொண்டே இருந்திருப்பார் போலிருக்கிறது. ஒருநாள் கரண்டியோடு எங்கள் வாசலுக்கு வந்துவிட்டார்.

"டீச்சர், அந்தக் குக்கரைக் கொல்லாத. உங்க போர் தண்ணியில அது ஜென்மத்துக்கும் வேவாது. மசூதிக் கெணத்துலேந்து ரெண்டு குடம் எடுத்தாந்து வெச்சுப் பாரு. எங்க வீட்டுக் கெணறு அதுக்கும் மேல. ஆனா அதை நான் யாருக்கும் குடுக்கறதில்ல."

மசூதிக் கிணற்றுத் தண்ணீரில் மூன்றாவது விசிலுக்கே பருப்பு மசிந்தது. ஆச்சரியப்பட்டேன், நன்றி சொன்னேன். அத்தோடு அதை மறந்தும் போனேன். அக்கா சொன்னதைச் சமையல் குறிப்பு என்று எடுத்துக்கொண்டேனே தவிர, தண்ணீரைப் பற்றிய அறிவு என்று எனக்குத் தோன்றவே இல்லை.

இரண்டு வருடம் கழித்து எங்கள் தெருவுக்குப் புது ஆழ்துளைக் கிணறும் தொட்டியும் போட அரசு ஒத்துக்கொண்டது. இடம் பார்க்க நிலத்தடி நீர் நிபுணர் ஒருவர் ஜீப்பில் வந்தார். அவரோடு ஒரு பெட்டி, நான்கு இரும்புக் கம்பிகள், நீளநீளமான ஒயர்கள். நான் கஞ்சி போட்ட காட்டன் புடவை கட்டிக்கொண்டு, பள்ளிக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டு, அவர் பின்னாலேயே நடந்தேன். கம்பிகளை நட்டு மண்ணுக்குள் மின்சாரத்தை அனுப்பி, பெட்டியில் முள் நகர்வதைப் பார்த்து அவர் எண்களைச் சொல்லச் சொல்ல, நானே நோட்டில் குறித்துக் கொடுத்தேன். தசமப் புள்ளி வைத்த எண்கள். எனக்குப் பரம சந்தோஷம்.

கடைசியில் அவர் தெருக்கோடியில், டேனரித் தண்ணீர் ஓடும் கால்வாய்க்குப் பக்கத்தில் ஒரு கல்லின் மேல் வெள்ளைப் பெயின்ட்டால் பெருக்கல் குறி போட்டார். "இங்கதான் மேடம். அருமையான பாயின்ட். ஜாஸ்தி தண்ணி இருக்கு."

தெருவே கூடி நின்றது. எதிர்வீட்டு அக்கா முன்னால் வந்தார்.

"சார், தண்ணி வரும் சார். ஆனா பருப்பு வேவாது."

அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை, களைத்த மனிதனின் சிரிப்பு. "பருப்புக்கும் பூமிக்கும் இன்னாம்மா சம்பந்தம்? இது விஞ்ஞானம்."

அவரோடு சேர்ந்து நானும் சிரித்தேன்.

அக்கா திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு விலை நாலு நாள். நாலு நாளும் எங்கள் வீட்டுக்கு இட்லி மாவு இல்லை, கறிவேப்பிலை இல்லை, தெருவில் என்ன நடக்கிறது என்ற செய்தியும் இல்லை. மூன்றாவது நாள் என் கணவர், "அவங்க சொன்னது சரிதானே, நீ எதுக்கு சிரிச்சே?" என்று கேட்டார். என் குக்கர் எனக்கே சாட்சி சொல்லியிருந்தது. ஜீப்பில் வந்தவர் எதிரில் அந்தச் சாட்சியை நான் கூப்பிடவில்லை.

ஐந்தாம் நாள் காலையில் இட்லிக் கடை முடிந்து அக்கா பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தபோது போய் நின்றேன்.

"அக்கா, நான் சிரிச்சது தப்பு."

"தப்புதான்" என்றார், தலை நிமிராமல்.

"உங்க பருப்புக்கு ஒரு பரீட்சை வெச்சுப் பார்க்கலாமா? ஊர்ல இருக்கிற எல்லாத் தண்ணியையும் எடுத்து, ஒரே பருப்பைப் போட்டு, எது வேவுது எது வேவலைன்னு எழுதி, அந்த சாருக்கே காட்டலாம்."

துலக்குவது நின்றது. "வெச்சுக்கோ. எங்க கெணறுதான் பஸ்ட்டு வரும்."

நான் ஒரு திட்டம் போட்டேன். ஏழு இடங்களிலிருந்து தண்ணீர்: கால்வாய்ப் பக்கம் பெயின்ட் குறிக்குப் பத்தடி தள்ளியிருந்த பழைய கைப்பம்பு, மசூதிக் கிணறு, அக்கா வீட்டுக் கிணறு, எங்கள் போர், பள்ளி மைதானத்து போர், தென்னந்தோப்புக் கிணறு, கல்லறைத் தோட்டத்துக் கைப்பம்பு. ஒரே கடையில் ஒரே மூட்டையிலிருந்து துவரம்பருப்பு. ஏழு வீட்டு மண்ணெண்ணெய் ஸ்டவ்கள், ஏழு பாத்திரங்கள். இதைக் கமிட்டிக் கூட்டத்தில் படம் வரைந்து விளக்கினேன். எல்லோரும் தலையாட்டினார்கள், ஒருவரைத் தவிர.

அவர் மசூதியை ஒட்டிய வீட்டில் இருந்தவர். கல்யாண வீடுகளுக்கு பிரியாணியும் தால்சாவும் செய்து கொடுப்பார். அவருடைய தங்கைகள் உருதுவில் அக்கா என்ற அர்த்தத்தில் "ஆபா" என்று கூப்பிட, தெருவுக்கே அவர் ஆபா ஆகிவிட்டார்.

"டீச்சரம்மா, ஏழு ஸ்டவ் ஏழு மாதிரி எரியுமே. எங்க வீட்டு ஸ்டவ் திரி பாதிதான் இருக்கு. அப்புறம் தண்ணியை எப்பிடி குத்தம் சொல்றது?"

எனக்குக் காது சூடாகிவிட்டது. எட்டாம் வகுப்புக்கு நானே நடத்துகிற பாடம். ஒன்றை ஒப்பிடும்போது மற்றதெல்லாம் சமமாக இருக்க வேண்டும்.

"அப்ப என்ன செய்யலாம் ஆபா?"

"எங்க பெரிய பிரியாணி தேக்சா இருக்குல்ல. அடியில தண்ணி ஊத்தி, ஏழு டம்ளரையும் உள்ளார வெச்சு மூடிட்டா, எல்லாத்துக்கும் ஒரே ஆவி, ஒரே சூடு. பேஜாரே இல்ல."

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் ஆபா வீட்டு வாசலில் கல் அடுப்பு மூட்டினோம். ஏழு எவர்சில்வர் டம்ளர்களின் கழுத்திலும் வேறுவேறு நிறத்தில் நூல் கட்டியிருந்தேன். எந்த நிறம் எந்தத் தண்ணீர் என்பது எனக்கு மட்டுமே தெரியும், சீட்டில் எழுதி பைபிளுக்குள் வைத்திருந்தேன். அதைப் பார்க்க அக்கா இரண்டு முறை முயன்றார். ஒரு முறை, சங்கீதம் வாசிக்க வேண்டும் என்று பைபிளைக் கேட்டார். அவர் கிறிஸ்தவர் இல்லை.

ஒவ்வொரு டம்ளரிலும் ஒரு கைப்பிடி பருப்பு, ஒரே அளவுத் தண்ணீர். தேக்சாவை மூடிக் கரி போட்டோம். ஒன்றரை மணி நேரம் தெருவே அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தது. ஷூ கம்பெனிப் பெண்களுக்கு வாரத்தில் கிடைப்பது அந்த ஒரு விடுமுறை. அதை ஏழு டம்ளருக்குக் கொடுத்தார்கள்.

மூடியைத் திறந்ததும் டம்ளர்களை வரிசையாக வைத்தோம். யார் வேண்டுமானாலும் விரலால் நசுக்கிப் பார்த்து, எது முதல், எது கடைசி என்று என்னிடம் சொல்லலாம். முப்பது பேருக்கு மேல் நசுக்கினார்கள். கடைசிக்கு யாருக்கும் சந்தேகமில்லை. சிவப்பு நூல். பருப்பு கூழாங்கல் போல இருந்தது. முதலிடத்திலும் சண்டை இல்லை. மஞ்சள் நூல் டம்ளரில் பருப்பு வெண்ணெயாகக் கரைந்திருந்தது.

"அது எங்க கெணறு" என்றார் அக்கா.

நான் சீட்டை எடுத்துப் படித்தேன். சிவப்பு, கால்வாய்க் கைப்பம்பு. தெரு கைதட்டியது. மஞ்சள், கல்லறைத் தோட்டம். தெரு அமைதியானது. இரண்டாவது, மசூதிக் கிணறு. மூன்றாவது, தென்னந்தோப்பு. நான்காவது பள்ளி மைதானம், ஐந்தாவது எங்கள் வீட்டு போர்.

"எங்கது?" என்றார் அக்கா.

"ஆறாவது" என்றேன், மெதுவாக.

"நூலை மாத்திட்டே!"

"நான் மாத்தலை அக்கா."

"அப்ப எங்க சாம்பார் எப்பிடி இருக்குன்னு ஊரையே கேளு. தினம் ரெண்டு குண்டான் தீர்ந்துபோவுது!"

ஆபா அவர் பக்கத்தில் குனிந்து, எல்லோருக்கும் கேட்கிற ரகசியக் குரலில், "சாம்பார்ப் பருப்புல ஆப்ப சோடா எவ்ளோ போடறே?" என்றார்.

அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். பிறகு, "ஒரு சிட்டிகை" என்றார். ஆபா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "சரி, ஒரு ஸ்பூன்."

தெரு சிரித்த சிரிப்பில் தோப்புக் காக்கைகள் எல்லாம் எழுந்து பறந்தன. ஆனால் அக்கா லேசில் விட்டுக்கொடுக்கிறவர் இல்லை. அடுத்த ஞாயிறு மறுபடி வைக்கச் சொன்னார். இந்த முறை நூல் கட்டுவது அவர், சீட்டு வைத்திருப்பது அவர். வைத்தோம். அவர் கிணறு மறுபடி ஆறாவதாக வந்தது. சீட்டைத் தானே எழுந்து உரக்கப் படித்தார். படித்துவிட்டு, "நான் தோத்துட்டேன். ஆனா அந்தக் கால்வாய்த் தண்ணி எனக்கும் கீழதான்" என்றார். அவர்மேல் எனக்கு அன்று வந்த மரியாதை இன்றுவரை குறையவில்லை.

ஆகஸ்டு பதினைந்தாம் தேதி கிராம சபை. பஞ்சாயத்துத் தலைவியிடம் முன்பே சொல்லி, நிபுணரையும் வரச்சொல்லியிருந்தோம். வந்தார். நான் ஆங்கிலத்தில் எழுதிவைத்த பக்கங்களைப் பிரிப்பதற்குள், அக்கா தட்டோடு எழுந்து அவர் முன்னால் இரண்டு டம்ளர்களை வைத்தார், மஞ்சளும் சிவப்பும்.

"நசுக்கிப் பாருங்க சார்."

அவர் தயங்கினார், என்னைப் பார்த்தார். இந்த முறை நான் சிரிக்கவில்லை. நசுக்கினார். சிவப்பு டம்ளர்ப் பருப்பு அவர் விரலிலிருந்து தெறித்துத் தலைவியின் மடியில் போய் விழுந்தது.

"சாங்ஷன் ஆன பாயின்ட்டை இப்பிடி எல்லாம் மாத்த முடியாதும்மா" என்றார். "பருப்புக்கு ரூல்ஸ்ல இடமில்லை. எங்க கருவி அங்கதான் தண்ணி காட்டுது."

"உங்க கருவி பொய் சொல்லுதுன்னு நான் சொல்லல சார்" என்றார் அக்கா. "தண்ணி இருக்கான்னு அது சொல்லுது. அது இன்னா தண்ணின்னு எங்க பருப்பு சொல்லுது. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தா இன்னா?"

அவர் கொஞ்ச நேரம் அந்த சிவப்பு டம்ளரையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னிடம் குரலைத் தாழ்த்தி, "மேடம், கரன்ட் நல்லா பாயற இடத்துலதான் தண்ணின்னு கருவி காட்டும். உப்புத் தண்ணியிலயும் நல்லா பாயும்" என்றார். தனக்கே சொல்லிக்கொள்வதுபோல இருந்தது. எழுந்து ஜீப்புக்குப் போனார். கோபித்துக்கொண்டு கிளம்பிவிட்டார் என்று நினைத்தோம். பேனா போன்ற ஒரு சின்னக் கருவியோடு திரும்பி வந்தார். தண்ணீரில் முக்கினால் எவ்வளவு உப்பு என்று எண் காட்டும்.

கிராம சபை அப்படியே எழுந்து ஊர்வலமானது. அவர் முன்னால், தலைவி அடுத்து, பின்னால் எண்பது பேர். ஏழு இடத்திலும் பேனாவை முக்கினார். கடைசியில் எங்கள் வரிசையையும் அவர் வரிசையையும் சேர்த்துப் பார்த்தோம். ஒரே ஒரு வித்தியாசம். பள்ளி மைதானமும் எங்கள் வீட்டு போரும் இடம் மாறியிருந்தன.

"நாலும் அஞ்சும் மாறிடுச்சு டீச்சர்" என்றார் அவர். முதல் தடவையாக முகம் மலர்ந்திருந்தது. "ஒரு மார்க் கம்மி."

புது போர் கல்லறைத் தோட்டத்துப் பக்கம் என்றதும் சிலர் முணுமுணுத்தார்கள். அங்கே புதைத்திருப்பவர்கள் எங்கள் ஆட்கள் என்பதால் நான் வாயைத் திறக்கவில்லை. ஆபாதான் பேசினார். "செத்தவங்க யாரும் தண்ணியில உப்பு கொட்டல. உயிரோட இருக்கிறவங்கதான் கொட்டறாங்க. போர் போடப்போறது தோட்டத்துக்கு இந்தப் பக்கம், மேட்டுல. யாருக்கு வேணாம், கை தூக்குங்க." மூன்று கைகள் எழுந்தன. வேணும் என்றபோது எழுந்த கைகளை எண்ணத் தேவைப்படவில்லை.

"தீர்மானம் போட்டுக் குடுங்க. நான் மேல எழுதறேன்" என்றார் நிபுணர். எழுதினார். அதற்காக அவருக்கு ஏதாவது திட்டு விழுந்ததா என்று தெரியாது. மூன்று மாதம் கழித்து போர் லாரி வந்தது.

தண்ணீர் வந்தது. நல்ல தண்ணீர். ஆனால் கொஞ்சம்தான் வந்தது. போர் போட்டவர், இன்னும் நூறடி போனால் கொட்டும் என்றார். நிபுணரும், போகலாம், போவதா வேண்டாமா என்று நீங்களே சொல்லுங்கள் என்றார். நான் ஆசைப்பட்டேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன். லாரிக்குப் பக்கத்திலேயே கூட்டம் போட்டோம். அப்போது, எந்தக் கூட்டத்திலும் பேசாத என் கணவர் பின்வரிசையிலிருந்து எழுந்தார்.

"எங்க டேனரியில அப்பிடித்தான் ஆழமா போட்டாங்க. மூணு வருஷம் ஜோரா வந்துச்சு. அப்புறம் அந்தத் தண்ணியில கை கழுவினா சோப்பு நுரைக்கல. நாலாபக்கத்து உப்பும் அந்தக் குழிக்கு வந்து சேர்ந்துடுச்சு. இருக்கறதை அளவா எடுத்தா நிக்கும்."

சொல்லிவிட்டு உடனே உட்கார்ந்துவிட்டார். அது போதுமாக இருந்தது. ஆழம் வேண்டாம், ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்தான் மோட்டார், வீட்டுக்கு நாலு குடம், சமையலுக்கும் குடிக்கவும் மட்டும் என்று தெரு முடிவு செய்தது. துணிக்கும் குளியலுக்கும் பழைய தண்ணீர்தான். ஐந்தாவது குடத்துக்காகச் சில சண்டைகள் வந்தன. ஒரு சண்டையில் நானே இருந்தேன், தப்பான பக்கத்தில்.

டேனரி விஷயம் அவ்வளவு எளிதாக முடியவில்லை. தெருவில் பாதிப் பேருக்குச் சோறு போட்டது அது. மூடு என்று யாரும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டோம். தோலை ஊறப்போடுவதற்கு முன்னால் உதறித் தட்டினால் கெடாமலிருக்க மேலே பூசிய உப்பில் பெரும்பகுதி தரையிலேயே விழுந்துவிடும், கூட்டி அள்ளிவிடலாம், கால்வாய்க்குப் போகாது என்று என் கணவரும் சில தொழிலாளர்களும் மேனேஜரிடம் போய்ச் சொன்னார்கள். நல்ல யோசனை என்று ஒத்துக்கொண்டார். ஆர்டர் குறைவாக இருந்த மாதங்களில் தட்டினார்கள், அவசர ஆர்டர் வந்தால் விட்டுவிட்டார்கள். இவர்கள் மறுபடி போய்ச் சொல்வார்கள், மறுபடி தட்டுவார்கள். நாங்கள் அந்தத் தெருவில் இருந்த காலம் முழுக்க இது இப்படியே நடந்தது.

புது போர் வந்து ஒரு வருடம் ஆனதும் கமிட்டிக்கு முறையாகத் தேர்தல் வைக்கலாம் என்று நானே முன்மொழிந்தேன். ஜனநாயகம் பற்றி ஐந்து நிமிடம் பேசினேன். சீட்டு எழுதிப் போட்டார்கள். ஆபா ஜெயித்தார். எனக்குப் பதினொரு ஓட்டு.

வருத்தமாகத்தான் இருந்தது, எப்படி இல்லாமல் போகும்? வீட்டுக்கு வந்து, "நீங்களாவது எனக்குப் போட்டீங்களா?" என்று கேட்டேன். என் கணவர் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டு, "ரகசிய ஓட்டு" என்றார்.

மறுநாள் நோட்டை ஆபாவிடம் கொடுத்தேன். அவருக்குத் தமிழ் பேச நன்றாக வரும், எழுத வராது. நோட்டைக் கவிழ்த்துக் கடைசிப் பக்கத்திலிருந்து, வலமிருந்து இடமாக, உருதுவில் எழுதத் தொடங்கினார். முதல் பக்கத்திலேயே எதையோ எழுதி அடியில் இரண்டு கோடு போட்டார்.

"இன்னா எழுதினீங்க ஆபா?"

"மோட்டார் டைமை மாத்திட்டேன். நாலு மணிக்கு வேணாம், ஆறரைக்குப் போடலாம். கம்பெனிக்குப் போற பொண்ணுங்க ஆறு மணிக்குத்தானே திரும்பி வர்றாங்க? இத்தனை நாளா அவங்க வீட்டுக் குடத்தை எல்லாம் ஸ்கூல் விட்டு வர்ற பசங்கதான் தூக்கிட்டுப் போச்சுங்க."

நாலு மணி என்று வைத்தவள் நான். என் பள்ளி மூன்றே முக்காலுக்கு முடியும்.